கணக்குக் கந்தோரில் இருந்து வந்த ஒலி விஞ்ஞானி: சேர் சி.வி. ராமன்

நவம்பர் வந்ததும் பாரிசில் யன்னல்களைப் பூட்டிவிடுகிறோம். லாச்சப்பல் பக்கத்துப் பழைய தொடர்மாடிகளில் வெப்பமூட்டிகள் மெல்லச் சூடேறத் தொடங்கும். அதோடு எமது வீட்டு ஸ்டீரியோவின் குணமும் மாறும். கோடை முழுவதும் ஒழுங்காகப் பாடிய அதே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் காதைக் குத்தத் தொடங்கிவிடும். நாதஸ்வரம் ஊசியாக வரும். பாடகி சகரம் உச்சரிக்கும் இடமெல்லாம் சீறும். மிருதங்கம் வெறும் பேணியில் தட்டியதுபோல் கேட்கும்.

சேர் சி.வி. ராமன் பிறந்ததும் மறைந்ததும் நவம்பர் மாதத்திலேயே. 1888 நவம்பர் 7 பிறந்தவர், 1970 நவம்பர் 21 காலமானார். ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் அவரை நினைவுகூருவோர் ஒளிச்சிதறலையும் நோபல் பரிசையும் சொல்லி முடித்துவிடுவார்கள். நாம் இம்முறை வேறு வாசலால் உள்ளே போக விரும்புகிறோம். ஒரு வாத்தியத்தின் ஒலி ஏன் கூர்மையாகிறது, எதனால் இனிமையாகிறது என்ற கேள்வியில் அவர் தன் இளமையின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அதில் முதல் பத்து வருடங்கள் அவர் விஞ்ஞானப் பேராசிரியர் அல்லர். எம்மைப் போல ஒரு கணக்காளர்.

முதலில் எமது பெட்டிகளின் கதையைச் சொல்லிவிடுகிறோம். பழைய பொருட்கள் விற்கும் ஒரு சந்தையில் வாங்கியவை. விற்றவர் அவற்றின் பளிச்சென்ற சத்தத்தைப் பெருமையாகவே எடுத்துச் சொன்னார். அங்கே திறந்த வெளியில் போட்டுக் காட்டியபோது எமக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓடு பதித்த நிலமும் வெறும் சுவர்களும் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னலும் உள்ள சின்ன வரவேற்பறையில் வைத்து, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றைப் போட்டோம். ஐந்து நிமிடத்தில் மேல்மாடியில் இருந்து தும்புத்தடியால் நிலத்தில் இடிக்கும் சத்தம் வந்தது. அடுத்த நாள் ஒரு பழைய நூல்சேலையை இரண்டாக மடித்துப் பெட்டிகளின் முகத்தில் தொங்கவிட்டோம். சீற்றம் போய்விட்டது. அதோடு எல்லாமே போய்விட்டது. வித்துவான்கள் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் இருந்தது.

அதே நாதஸ்வரமும் தவிலும் கோடை முடிகிற நேரம் மாணிக்க விநாயகர் தேரோடு லாச்சப்பல் வீதிகளில் வரும்போது எவரும் காதைப் பொத்துவதில்லை. பெட்டிக்குள் இருந்து வரும் சத்தத்தைவிட அது பல மடங்கு பெரிது. ஆனாலும் குத்துவதில்லை. இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் வாசித்து விளங்கிக்கொள்வோம் என்று புறப்பட்டபோதுதான் ராமனின் ஒலி ஆய்வுகள் கண்ணில் பட்டன.

ராமன் பிறந்தது திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில். தகப்பனார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் படிப்பித்தவர், வயலின் வாசிப்பவர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் ராமனின் சிறுவயது அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் கழிந்தது. வீட்டில் ஒருபக்கம் கணிதப் புத்தகங்கள், மறுபக்கம் வயலின். ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ற்ஸ் சுரங்களின் இயல்பைப் பற்றி எழுதிய பெரிய நூல் சின்ன வயதிலேயே அவர் கையில் கிடைத்தது. தன் வாழ்க்கையைத் திருப்பிய புத்தகங்களில் அதுவும் ஒன்று என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1904ஆம் ஆண்டு பட்டம் பெற்றார், பௌதிகத்தில் தங்கப் பதக்கத்தோடு. 1906இல், பதினெட்டு வயதில், அவரது முதலாவது ஆய்வுக் கட்டுரை இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. 1907இல் முதுகலைப் பட்டம். இவ்வளவும் இருந்தும் விஞ்ஞானத்தில் அவருக்கு ஒரு வேலை இருக்கவில்லை. அன்றைய இந்தியாவில் ஆய்வு செய்வதற்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் இந்தியர்களுக்கு அநேகமாக இல்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், அந்தக் குளிரை இவரது மெலிந்த உடம்பு தாங்காது என்று சென்னையில் அரசாங்க வைத்தியர் தடுத்துவிட்டார். தமையனார் ஏற்கனவே அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்தார். தம்பியும் அதே நிதிச்சேவைப் பரீட்சையை எழுதி முதலாவதாகத் தேறினார்.

நினைத்த படிப்பு ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று. வர்த்தகப் பட்டத்தைச் சூட்கேசின் அடியில் வைத்துக்கொண்டு, இந்த நகரத்தின் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவித் தொடங்கிய எமது தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருக்குக் கிடைத்தது கௌரவமான அரச உத்தியோகம், எமக்குக் கிடைத்தது ஈரமான கையுறை. அந்த வித்தியாசத்தை மறைக்கவும் கூடாது.

வேலைக்குப் போவதற்கு முன்பே அந்த 1907ஆம் ஆண்டு உலோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்தார். அவர் வீணை வாசிப்பவர். வருட நடுப்பகுதியில் இருவரும் கல்கத்தாவில் இறங்கினார்கள். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ராமன் உதவிக் கணக்காளர் நாயகம் ஆனார்.

வேலைக்குப் போய்வரும் டிராம் வண்டியில் இருந்து ஒரு நாள் பௌபசார் வீதி 210ஆம் இலக்கத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கம். மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர், இந்தியர்கள் தாமாகவே விஞ்ஞானம் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று 1876இல் தொடங்கிய சங்கம் அது. அவர் இறந்த பிறகு, விரிவுரைகள் நடந்தனவே தவிர ஆய்வுகூடத்தில் ஆய்வு செய்ய ஆள் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் அசுதோஷ் டே. ராமனுக்கு அங்கே இருபத்தைந்து வருட உதவியாளராகப் போகிறவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அவரையும் ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியராக ராமன் சேர்த்துக்கொண்டார். பட்டம் இல்லை என்பதற்காக ஒருவரின் பெயரை விழுங்கிவிடும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் இதை நாம் சின்ன விடயமாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடங்கள் அவரது நாள் எப்படிப் போனது என்பதைக் கவனியுங்கள். அதிகாலை ஐந்தரைக்குச் சங்கத்தின் ஆய்வுகூடம். பத்து மணிக்கு முன் வீடு திரும்பிக் குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுக் கந்தோர். மாலை ஐந்து மணிக்குக் கந்தோரில் இருந்து நேரே மறுபடியும் ஆய்வுகூடம். வீடு வர இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆய்வுகூடம். இடையில் 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாக்பூருக்கும் மாற்றினார்கள். போன இடங்களில் வீட்டிலேயே ஒரு மூலையை ஆய்வுகூடமாக்கினார். 1911இல் கல்கத்தா திரும்பியதும் சங்கத்துக்கு அடுத்த வீட்டை எடுத்து, நடுச்சுவரில் ஒரு கதவையும் வைத்துவிட்டார். எந்த நேரமும் உள்ளே போகலாம், வரலாம். அவர் வாழ்க்கையில் எமக்கு மிகவும் பிடித்த பொருள் நோபல் பதக்கம் அல்ல, அந்தக் கதவுதான். எம்மில் பலரும் அப்படி ஒரு கதவை வைக்க நினைத்தோம். வாடகை, வட்டி, ஊருக்கு அனுப்பும் காசு என்று எதையாவது அதற்கு முன்னால் சாத்தி வைத்துவிட்டோம்.

அந்தக் காலை மாலைகளில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பெரும்பாலும் ஒலி. காரணம் இலகுவானது. பெரிய கருவிகள் வாங்கச் சங்கத்திடம் பணம் இல்லை. ஒரு வயலின், சில கம்பிகள், இசைக்கவை, ஒளிப்படத் தட்டு போதும். கம்பியின் அசைவையும் வயலின் உடலின் அசைவையும் ஒரே தட்டில் படமாக்கி, கணக்குப் பேரேட்டில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டார். வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் மாறாமல் வைத்திருக்க, வயலின் வாசிக்கும் ஓர் இயந்திரத்தையே செய்தார்.

வயலின் குடும்பத்து வாத்தியங்களில் ஓநாய்ச் சுரம் என்று ஒரு தொல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட சுரத்தை இழுக்கும்போது மட்டும் வாத்தியம் அடங்க மறுத்து விக்கி விக்கிக் கத்தும். கம்பியின் சுரமும் மரப்பெட்டியின் இயற்கையான அதிர்வும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. சக்தி கம்பியில் இருந்து பெட்டிக்கும் பெட்டியில் இருந்து கம்பிக்கும் மாறி மாறிப் போய்வருவதால் வரும் விக்கல். இதைப் பற்றி 1916இல் எழுதினார். அடுத்த வருடம் வயலின் மியூட்டை ஆராய்ந்தார். மியூட் என்பது வயலினின் குதிரை மேல் செருகும் ஒரு சிறு பாரம். அதை வைத்தவுடன் கூர்மை குறைந்து ஒலி மென்மையாகிறது. சத்தத்தின் மேல் சேலை போர்த்துவதைப் போன்றதல்ல இது. அதிர்வு கம்பியில் இருந்து பெட்டிக்குப் போகும் பாலத்தில், சரியான இடத்தில், கொஞ்சம் பாரம் ஏற்றுவது. பாரம் ஏறியதும் வாத்தியத்தின் இயற்கை அதிர்வுகள் கீழே இறங்குகின்றன, மேல்சுரங்களுக்கு வழி குறுகுகிறது. எமது சேலை வைத்தியம் ஏன் தோற்றது என்பது இந்த இடத்தில்தான் எமக்கு வெளித்தது.

மேல்சுரம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒரு கம்பியை மீட்டினால் ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே வருகின்றன. இந்த முழு மடங்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இனிய சுரமாக எடுத்துக்கொள்கிறது. தோல் வாத்தியம் அப்படியல்ல. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு வருவன 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு, 2.65 மடங்கு என்ற உடைந்த கணக்குகள். எமது தொழில் பாசையில் சொன்னால், பரீட்சை மீதி பொருந்தாத பேரேடு. அதனால்தான் உலகத்தின் பெரும்பாலான பறைகளுக்குத் தெளிவான சுருதி இல்லை, வெடிப்பு மட்டும் உண்டு.

1914இலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி இவரைப் பௌதிகப் பேராசிரியராகக் கேட்டிருந்தார். தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கொடுத்த நன்கொடையில் உருவான பதவி. அதை வகிப்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி பெறுவதற்காக வெளிநாடு போக மாட்டேன் என்று ராமன் நின்றார். கடைசியில் நிபந்தனையைத்தான் மாற்றினார்கள். 1917இல் கணக்குத் துறையை விட்டு வெளியேறினார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகியது. ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தர அரச வேலையை இருபத்தெட்டு வயதில், குடும்பஸ்தராக, விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சம்பளப் பட்டியல் தயாரிப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

1920ஆம் ஆண்டு ராமனும் எஸ். குமாரும் சேர்ந்து எமது தோல் வாத்தியங்களைப் பற்றி ஒரு சிறிய குறிப்பை வெளியிட்டார்கள். மிருதங்கமும் தபேலாவும் மற்றப் பறைகளைப் போல் அல்ல, அவற்றின் மேல்சுரங்கள் கம்பி வாத்தியத்தைப் போல முழு மடங்குகளில் வருகின்றன என்பதே செய்தி. பெங்களூருக்குப் போன பிறகு, 1934இல், அதை விரிவாக எழுதினார். இரகசியம் முழுவதும் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் இருந்தது. எம்மூரில் அதைக் கரணை என்றும் சோறு என்றும் சொல்வார்கள். இரும்புச் சத்துள்ள ஒரு கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படையாக இட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்த படை என்று பொறுமையாக ஏற்றுவது. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு.

அந்தப் பாரம் ஏறியதும் தோலின் உடைந்த கணக்குகள் எல்லாம் இடம் மாறுகின்றன. தோல் அதிரக்கூடிய முதல் ஒன்பது வகைகளும் ஐந்து கூட்டங்களாகச் சேர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு மடங்குகளில் போய் உட்கார்ந்துவிடுகின்றன என்று ராமன் காட்டினார். அதற்கு மேலே உள்ள கூர்மையான அதிர்வுகளை, வலந்தலையின் ஓரத்தைச் சுற்றி வளையமாக வரும் மேல்தோல் அமுக்கிவிடுகிறது. தொங்கல் கணக்கில் கிடந்த தொகைகள் எல்லாம் உரிய பேரேட்டுப் பக்கங்களுக்குப் போய்ச் சேர, ஐந்தொகை பொருந்தி வருவதைப்போல என்று எழுதினால் விஞ்ஞானம் படித்தவர்கள் சிரிப்பார்கள். எமக்கு அப்படித்தான் விளங்கியது.

தோல் எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று பார்க்க அதன்மேல் நுண்மணலைத் தூவினார். அசையும் இடத்தில் இருந்து மணல் ஓடி, அசையாத கோடுகளில் போய்த் தங்கும். நம் என்ற சொல்லை வாசிக்கும்போது வித்துவானின் மோதிரவிரல் தோலில் மெல்லப் படிந்திருப்பதும், சுட்டுவிரல் ஓரத்தில் விழுவதும் ஏன் என்பதை அந்த மணற்கோடுகள் சொல்லின. படிந்திருக்கும் விரல் அடிச்சுரத்தைத் தடுத்து, அடுத்த சுரத்தை மட்டும் பேசவிடுகிறது. மகன் சனிக்கிழமைகளில் மிருதங்கம் பழகப் போகிறான். அவனுடைய ஆசிரியர் மோதிரவிரலைத் தூக்காதே என்று நூறு தடவை சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. முதன்முதலில் தோலின் நடுவில் சோற்றைப் பூசிப் பார்த்த கையின் பெயரை எந்தப் பேரேடும் எழுதி வைக்கவில்லை. மணலும் சமன்பாடும் இல்லாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தோலோடு வேலை செய்த தொழிலாளர்கள் அவர்கள். ராமன் கண்டுபிடித்தது அவர்கள் ஏற்கனவே செய்து முடித்திருந்ததை.

மணல் தூவிப் பார்க்கும் அந்த முறைக்குப் பாரிசோடு ஒரு பழைய உறவு உண்டு. ஜேர்மனியரான கிளாட்னி உலோகத் தகட்டில் மணல் தூவி, வில்லால் உரசிக் கோலங்கள் வரவைத்து நெப்போலியனுக்கே காட்டினார். அந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் தேடி இங்குள்ள விஞ்ஞானக் கழகம் பரிசு அறிவித்தபோது, 1816இல் அதை வென்றவர் சோஃபி ஜேர்மன் என்ற பெண். பெண் என்பதால் கல்லூரிக்குள் விடப்படாதவர். எந்தச் சிக்கலான அதிர்வையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்ற வழியைத் தந்த ஃபூரியேயும் இந்த நகரத்தில்தான் இறந்தார். இருவரின் கல்லறைகளும் பேர் லாஷேசில் இருக்கின்றன. லாச்சப்பலில் ஏறினால் இரண்டாம் இலக்க மெற்றோ நேரே கொண்டுபோய் விடும்.

கூர்மை எல்லாமே குற்றம் என்று ராமன் நினைக்கவில்லை. 1921இல் வீணையையும் தம்புராவையும் பற்றி எழுதியபோது நேர் எதிரான ஒன்றைக் காட்டினார். வயலினின் குதிரை கத்திபோல் மெலிந்தது. வீணையினதும் தம்புராவினதும் குதிரை அகலமானது, மேல்பக்கம் மெல்ல வளைந்தது. கம்பி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவில் அதற்கென்றே ஒரு நூலும் செருகுவார்கள். அதனால், சாதாரண விதிப்படி வரக்கூடாத மேல்சுரங்களும் பொங்கி வருகின்றன. ஆக, எமது முன்னோர் மிருதங்கத்தில் மேல்சுரத்தை ஒழுங்குபடுத்தினார்கள், தம்புராவில் வேண்டுமென்றே வளர்த்தார்கள். எங்கே எவ்வளவு என்பதுதான் விடயம். வீட்டில் வீணை ஒலித்துக்கொண்டிருந்ததற்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பு இல்லை என்று எம்மால் நம்ப முடியவில்லை.

அதே 1921இல் முதல் தடவையாகக் கப்பலேறினார், ஒக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்கு. இலண்டன் சென். போல் தேவாலயத்துக் கோபுரத்தின் உட்பக்கம் முணுமுணுக்கும் மாடம் ஒன்று உண்டு. சுவரோரமாக ஒருவர் மெல்லப் பேசினால் வட்டத்தின் மறுபக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். அங்கேயே நின்று பரிசோதனை செய்தார். திரும்பி வந்து பீஜப்பூர் கோல் கும்பஸ், பாட்னாவின் பழைய தானியக் களஞ்சியம் என்று இந்தியாவிலும் அப்படியான இடங்களைத் தேடிப் போனார். வழவழப்பான கடினச் சுவர் ஒலியைத் தின்னாமல் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துக்கொண்டே போகிறது. எமது வரவேற்பறை ஒரு மட்டமான முணுமுணுக்கும் மாடம் என்பதை இதை வாசித்தபோதுதான் உணர்ந்தோம். அமெரிக்காவின் ஹாவார்டில் சபின் என்பவர் மண்டபங்களின் எதிரொலியை அளந்தபோது, ஒலியை முழுவதுமாக விழுங்கும் பொருளாக எடுத்துக்கொண்டது திறந்த யன்னலை. வெளியே போன சத்தம் திரும்பி வராது அல்லவா. எமது கோடை, நவம்பர் வித்தியாசத்துக்கும் தேரோடு வரும் நாதஸ்வரம் குத்தாததற்கும் காரணம் அதுவே.

வாத்தியங்களின் பௌதிகத்தில் அவர் பெயர் எவ்வளவு உயர்ந்தது என்றால், ஜேர்மனியில் வெளிவந்த பெரிய பௌதிகக் களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும்படி அவரையே கேட்டார்கள். அது 1927இல் வெளிவந்தது. ஆனால் அதற்குள் அவர் ஒளிக்கு மாறிவிட்டார். கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்ததில் தொடங்கியது அது. மிகுதி எல்லோருக்கும் தெரியும். 1928 பெப்ரவரி 28, சில நூறு ரூபாக்களைத் தாண்டாத கருவிகள், 1930இல் நோபல் பரிசு. விஞ்ஞானத்துக்கான நோபல் ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணனுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற கதை இன்றுவரை ஓயவில்லை.

அவர் இலகுவான மனிதர் அல்லர். 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானவர், நிர்வாகச் சண்டைகளுக்கு நடுவே 1937இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். கமலா என்ற மாணவி அங்கே ஆய்வு செய்ய வந்தபோது, பெண் என்பதற்காக முதலில் மறுத்து, பிறகு நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அந்த மாணவிதான் பிற்காலத்தில் உயிர்இரசாயனத்தில் பெயர்பெற்ற கமலா சோஹோனி. தன் மேலேயே ஒரு மியூட் செருகத் தெரியாதவர் ராமன் என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவையும் வாசித்த பிறகு சேலையை எடுத்து மடித்து வைத்தோம். பெட்டிகளைச் சுவரில் இருந்து ஒரு முழம் முன்னுக்கு இழுத்தோம். மேல்சுரங்களைப் பாடும் சின்ன டுவீட்டர்கள் நேரே எமது காதைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூர்மையான ஒலி கைவிளக்கு வெளிச்சம்போல் நேராகப் போவது, கீழ்ச்சுரங்களைப்போல் எங்கும் பரவாது. அதனால் பெட்டிகளை ஒரு சாண் திருப்பிவைத்தாலே குத்தல் குறைகிறது. பெட்டிகளுக்கும் கதிரைக்கும் நடுவில் தடித்த கம்பளம் ஒன்றை விரித்தோம். கண்ணாடிக்குக் குறுக்கே சுருக்கம் நிறைய விழும்படி பாரமான திரைச்சீலை போட்டோம். வெறும் சுவருக்கு மகளின் புத்தக அலுமாரி போனது. அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தால் முன்பு கேட்ட சிலிர் என்ற வால் இப்போது இல்லை. கடைசியாகத்தான் டிரெபிள் குமிழைத் தொட்டோம், அதுவும் ஒரு கோடு மட்டும். பணம் போட்டுப் புதுப் பெட்டி வாங்குவதற்கு முன் இந்த ஒழுங்கில் செய்து பாருங்கள்.

காகிதக் கூம்புள்ள பழைய ஸ்பீக்கர்களைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் கூம்பின்மேல் ஒட்டும் தன்மையுள்ள ஒரு பூச்சைக் காணலாம். காகிதம் தன்பாட்டில் அதிர்ந்து கீச்சிடாமல் இருக்கப் பூசுவது. செய்யும் வேலை வேறு என்றாலும், முதன்முதலில் பார்த்தபோது கரணையின் ஞாபகம் வந்தது.

ராமன் 1948இல் ஓய்வு பெற்று, பெங்களூரில் தன் பெயரிலேயே ஒரு ஆய்வு நிலையத்தை அமைத்துக்கொண்டார். 1954இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். கடைசி வருடங்களில் வைரம், பூக்களின் நிறம், கண் எப்படிப் பார்க்கிறது என்று போனார். 1970 நவம்பரில் இறந்தபோது அவரது விருப்பப்படி அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்து, அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

பாரிஸ் வெப்பமூட்டியின் காய்ந்த காற்றுக்கு மகனின் மிருதங்கத்தில் கரணை வெடித்துவிட்டது. ஒரு ஓரம் உதிர்ந்தும் போயிற்று. அன்றில் இருந்து நம் என்ற சொல் சுருதியில் நிற்பதில்லை, 1.59 மடங்குகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தைக்குச் சென்னை போகும் தெரிந்தவர் ஒருவர் அதைக் கையோடு கொண்டுபோய்ப் புதுச் சோறு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விமான நிறுவனத்துக்குப் பொதியின் எடையைச் சொல்ல வேண்டும் என்று மகன் குளியலறைத் தராசைத் தேடிக்கொண்டிருக்கிறான்.